ஒரு ஸ்பெக், இரண்டு கணக்குகள்

ஒசூர் பட்டறையின் பில் வரிகளை மைக்ரோசாஃப்ட் அக்சஸில் ஏற்றுவதற்காக ஒருவர், உரைக்கோப்பின் பத்திகளை எப்படிப் படிப்பது என்று சொல்லும் இறக்குமதி ஸ்பெக் ஒன்றை அமைத்திருக்கிறார் என்று கொள்வோம். வாகன உதிரிபாகங்களின் ஹெச்எஸ்என் குறியீடு 8708. அந்தக் குறியீடு வரும் பத்தியை 'எண்' என்று குறித்தாலும் பாதகமில்லை. அதே ஸ்பெக்கை வேப்பனப்பள்ளி மாம்பழ வியாபாரியின் கணக்குக்குக் கொண்டுபோனால், மாம்பழத்தின் 0804 முன்சுழியை இழந்து 804 ஆகிவிடும். எச்சரிக்கை எதுவும் வராது.

ஸ்பெக்கை நகலெடுப்பதே தவறு என்று இதற்கு அர்த்தமில்லை. பத்திப் பெயர், தரவு வகை, பிரிகுறி, தேதி வரிசை, எழுத்துக் குறியாக்கம் எல்லாவற்றையும் ஒவ்வொரு தரவுத்தளத்திலும் கையால் மறுபடி அமைப்பது வீண் உழைப்பு; பிழைக்கும் அதுவே வாசல். இந்த விவரங்கள் எம்சிஸ்ஐமெக்ஸ்ஸ்பெக்ஸ், எம்சிஸ்ஐமெக்ஸ்காலம்ஸ் என்ற இரண்டு மறைவான அட்டவணைகளில் இருக்கின்றன. வேறொரு அக்சஸ் கோப்பிலிருந்து இறக்கும்போது 'ஆப்ஷன்ஸ்' பொத்தானை அழுத்தி ஒரு கட்டத்தை டிக் செய்தால் போதும், அவை வந்துவிடும். நேரத்தை மிச்சப்படுத்துவதில் இதற்கு ஈடில்லை.

குறை என்னவென்றால், அந்த டிக் எதையும் பொறுக்கி எடுப்பதில்லை. வேண்டியதோடு, எவரோ பாதியில் விட்ட பழைய ஸ்பெக்குகளும் சேர்ந்தே வரும். எந்தக் கோப்புக்காக, எந்தக் காரணத்துக்காக ஒரு பத்தி 'எண்' ஆனது என்ற குறிப்பு மட்டும் வராது. என் பார்வையில் இந்த வழக்கத்தின் பெரிய பலவீனம் இதுதான்.

தேதி இன்னும் ஆபத்தானது. மாதம் முதலில் வரும்படி அமைத்த ஸ்பெக், மே 4-ஐக் குறிக்கும் 04-05-2024-ஐ ஏப்ரல் 5 ஆக்கிவிடும். இரண்டுமே செல்லும் தேதிகள் என்பதால் இறக்குமதிப் பிழைப் பட்டியலிலும் சிக்காது. மே மாத விற்பனை ஏப்ரல் ஜிஎஸ்டி கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அக்சஸ் 2007-இல் வந்த 'சேமித்த இறக்குமதி' வேறு வகை. அது எக்ஸ்எம்எல் வடிவில் இருக்கிறது. மூலக்கோப்பின் முழுப் பாதையும் அதற்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும். விபிஏ மூலம் அந்த எக்ஸ்எம்எல்லைப் படித்து மற்றொரு தரவுத்தளத்தில் சேர்க்க முடியும். ஆனால் பாதையைத் திருத்தாவிட்டால் புதிய கணினியிலும் பழைய கணினியின் கோப்புறையையே தேடும். இந்த வகையை நகலெடுப்பதைவிடப் புதிதாக அமைப்பதே மேல் என்பேன்.

உரைக்கோப்பு ஸ்பெக்குகளுக்கு நகல் போதும், ஒரு முன்னேற்பாட்டுடன். சரிபார்த்த ஸ்பெக்குகளை மட்டும் தரவே இல்லாத தனி அக்சஸ் கோப்பு ஒன்றில் வைத்து, ஒவ்வொன்றும் யாருடைய கோப்புக்கானது என்பதைப் பெயரிலேயே எழுதிவிட வேண்டும். புது இடத்தில் முழுக் கோப்பையும் ஏற்றுமுன் 0804-உம் 04-05-2024-உம் உள்ள ஒரே ஒரு வரியை ஏற்றிப் பார்த்தால், பத்தி வகையும் தேதி வரிசையும் சரியா என்று அங்கேயே தெரிந்துவிடும்.