காயத்ரியும் பிரியாவும்: வாசகரும் பார்வையாளரும்

தொடர்கதையாக வெளிவந்த மர்ம நாவலைத் திரையில் காணச் செல்லும் வாசகன் வெறுங்கையோடு அரங்கினுள் நுழைவதில்லை. இதழ் வரும் நாளை எண்ணிக் காத்திருந்ததும், 'தொடரும்' என்னும் சொல்லைக் கண்டு மனம் பதைத்ததும், அடுத்த வாரம் வருமுன் குற்றவாளி யாரென்று வீட்டாரோடு வழக்காடியதும் அவனோடு உள்ளே வருகின்றன. பாத்திரங்களின் முகத்தையும் குரலையும் அவனே வகுத்துக்கொண்டுவிட்டான். அவனுக்கு அடுத்த இருக்கையில் அமர்ந்திருப்பவனோ அப்படி ஒரு நாவல் உண்டென்பதையே அறியாதவன். நடிகரைக் காண வந்தவன். விளக்கு அணைந்ததும் இருவர் கண்ணிலும் படுவது ஒரே படந்தான். ஆயினும் இருவரும் பெறுவது ஒன்றா என்னும் வினா, சுஜாதாவின் நாவல்கள் படமான வரலாற்றை நோக்குவார்க்கு எழாமல் இராது.

மர்மக் கதை தமிழ்த் திரைக்கு வந்தது சுஜாதாவோடு அன்று. வடுவூர் கே. துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' 1935ஆம் ஆண்டிலேயே படமாயிற்று. அவருடைய 'திகம்பர சாமியார்' 1950இல் மாடர்ன் தியேட்டர்ஸ் தயாரிப்பாக வெளிவந்தது, அதில் எம்.என். நம்பியார் பல வேடங்களில் தோன்றினார். இன்று அப்படத்தைக் குறிப்பிடுவோர் பலரும் வேடங்களின் எண்ணிக்கையைச் சொல்கின்றனரேயன்றிக் கதையின் முடிச்சைச் சொல்வதில்லை. நாவலைப் படமாக்கும்போது முடிச்சு பின்னே போய் நடிகர் முன்னே வருவதற்கு இதுவே முன்னோடி எனலாம்.

பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராக விளங்கிய சுஜாதா, தம் 'நைலான் கயிறு' நாவலில் கணேஷ் என்னும் வழக்கறிஞரை அறிமுகப்படுத்தினார். பின்னர் வசந்த் வந்து சேர்ந்தான். மெல்லிய அறிவுக் கூர்மையும், சுருங்கச் சொல்லும் இயல்பும், பெண்களிடத்தும் சட்டத்தினிடத்தும் சற்றே விலகி நிற்கும் நோக்கும் கணேஷின் அடையாளங்கள். அவன் கைகலப்பில் வல்லவன் அல்லன், வினாக்களில் வல்லவன். இத்தகைய ஒருவனுக்குத் திரையில் முகம் தருவது எளிதன்று. 1977இல் வந்த 'காயத்ரி' படத்தில் ஜெய்சங்கர் கணேஷ் ஆனார். 1978இல் வந்த 'பிரியா'வில் ரஜினிகாந்த் கணேஷ் ஆனார். அதற்கு முந்திய ஆண்டில், 'காயத்ரி'யில், ஸ்ரீதேவியைக் கொடுமைப்படுத்தும் கணவன் இராஜரத்தினமாக வந்தவரும் இதே ரஜினிகாந்த்தான். ஓராண்டு இடைவெளியில் கொடியவன் காப்பவனானான். துன்புற்றவள் அதே ஸ்ரீதேவி. நாவல் வாசகனுக்கு இது குழப்பம். நடிகரைப் பின்தொடரும் பார்வையாளனுக்கோ இது வளர்ச்சி. தன் விருப்பத்துக்குரியவர் வில்லன் நிலையிலிருந்து நாயகன் நிலைக்கு உயர்ந்ததில் அவன் மகிழ்ந்தான். ஜெய்சங்கரின் நிலையும் இவ்வாறே. துப்பறியும் படங்கள் பலவற்றில் துப்பாக்கி ஏந்தித் தென்னகத்து ஜேம்ஸ் பாண்ட் என்று பெயர் பெற்றுவிட்டவரைக் கறுப்பு அங்கியில் கண்டவர்கள், வழக்கறிஞரைக் காணவில்லை, பாண்டையே கண்டனர்.

தொல்காப்பியர் அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கையும் விலங்கையும் கள்வரையும் தம் இறையையும் கூறுவார். 'காயத்ரி' நாவலை இவ்வரையறையின் ஒளியில் நோக்கினால் அதன் வலிமை தெளிவாகும். புதுமணப் பெண் ஒருத்தி புகுந்த வீட்டில் ஏதோ தவறென்று உணர்கிறாள். கணவனோ அவளறியாமல் இல்வாழ்வின் அந்தரங்கத்தைப் படம் பிடித்து விற்கும் தொழிலினன். ஆங்கே கள்வனும் வீட்டிற்கு இறைவனும் ஒருவனே. தொல்காப்பியர் தனித்தனியே வைத்த இரண்டு ஊற்றுகளும் ஒரே கிணற்றில் கலக்கும்போது அச்சம் இரட்டிப்பாகிறது. தப்பி ஓடினால் ஓடிச் சேர்வதற்கு வேறு வீடு இல்லை என்பதே அப்பெண்ணின் அவலம்.

இந்த அவலத்தை நாவல் காயத்ரி தன் கைப்பட எழுதிவைத்த பகுதிகளின் வாயிலாக வாசகனுக்கு எட்டவைக்கிறது. வாசகன் அவளைப் பார்ப்பதில்லை; அவள் சொல்வதைக் கேட்கிறான். அவள் அறிந்த அளவே அவனும் அறிகிறான். அவள் ஐயுறும்போது அவனும் ஐயுறுகிறான். திரைப்படம் இதனை அவ்வண்ணமே செய்ய இயலாது. திரைக்குக் கண் உண்டு. படப்பிடிப்புக் கருவி காயத்ரியின் அறைக்குள் நுழைந்து அவளை நோக்கியே ஆகவேண்டும். இங்கேதான் படம் தன்னையறியாமல் ஓர் இக்கட்டில் சிக்குகிறது. பெண்ணின் அந்தரங்கத்தை மறைந்திருந்து படம் பிடிப்பவன் கொடியவன் என்பது கதை. அக்கதையைக் காட்டுவதற்காக அப்பெண்ணை அரங்கம் நிறைந்த மக்கள் முன் நிறுத்துவது படம். இராஜரத்தினத்தின் கருவி நின்ற இடத்திலேயே பார்வையாளனும் நிற்க நேர்கிறது. குடும்பத்தோடு வந்தவர்கள் இப்படத்தைக் காணக் கூசினால், அக்கூச்சத்தின் வேர் இதுவே. கதை ஆபாசமானது என்பது போதிய விளக்கம் ஆகாது. அதே கதையை இதழில் படித்த இல்லங்கள் பலவுண்டு. கேட்ட இடத்தில் எழாத கூச்சம் பார்த்த இடத்தில் எழுந்தது.

நிகழ்த்துவோன் உற்றது காண்போரைச் சென்றடைதலே மெய்ப்பாடு என்னும் செயிற்றியனார் கருத்தை இளம்பூரணர் எடுத்துக்காட்டுவார். நாடகத்துக்குச் சொல்லப்பட்ட இக்கருத்து திரைக்கும் பொருந்துவதே. ஆனால் யாருடைய உணர்ச்சி காண்போரைச் சேர்கிறது என்று கேட்கவேண்டியுள்ளது. நாவலில் காயத்ரியின் அச்சம் வாசகனைச் சேர்கிறது. படத்தில் சிகரெட்டும் அலட்சியப் பார்வையுமாக வரும் இராஜரத்தினத்தின் துணிச்சலே பார்வையாளர் பலரைச் சென்று சேர்ந்தது. ரஜினிகாந்தின் நடிப்பாற்றல் இதற்கு ஒரு காரணம், அது குறையன்று. எனினும் கொடுமை செய்பவனின் நடையுடையைக் கண்டு களிக்கும் அரங்கில், கொடுமைக்குள்ளானவளின் குரல் அமிழ்ந்துபோயிற்று.

முடிவு இன்னும் கருதத்தக்கது. நாவலில் காயத்ரி உயிர் தப்புகிறாள். படத்தில் இறக்கிறாள். திரைக்கதை அமைத்த பஞ்சு அருணாசலமும் இயக்கிய ஆர். பட்டாபிராமனும் அனுபவம் மிக்கவர்கள், காரணமின்றிச் செய்திருக்கமாட்டார்கள். களங்கம் சுமத்தப்பட்ட பெண் உயிரோடு எஞ்சி, வேறொரு வாழ்வைத் தொடங்குவதைத் தமிழ்ப் பார்வையாளர் ஏற்கமாட்டார் என்னும் கணிப்பே இம்மாற்றத்தின் அடியில் இருப்பதாகத் தோன்றுகிறது.

இக்கணிப்பைப் பிறநாட்டு நிகழ்ச்சி ஒன்றோடு ஒப்பிடலாம். டாப்னி டு மாரியே 1938இல் எழுதிய 'ரெபெக்கா' நாவலில் நாயகன் மேக்சிம் தன் முதல் மனைவியைச் சுட்டுக் கொன்றவன். ஆல்பிரட் ஹிட்ச்காக் 1940இல் அதனைப் படமாக்கியபோது, மனைவியைக் கொன்றவன் தண்டனையின்றி வாழ்வதை அமெரிக்கத் திரைத்துறையின் தணிக்கை நெறிகள் அனுமதிக்கவில்லை. எனவே அம்மரணம் விபத்தாக மாற்றப்பட்டது. அங்கும் பார்வையாளரின் ஒழுக்க உணர்வுக்காகவே கதை திருத்தப்பட்டது. ஆனால் வேறுபாட்டை நோக்குக. அங்கே குற்றமுடைய ஆடவன் வாழ்வதற்காகக் குற்றம் நீக்கப்பட்டது. இங்கே குற்றமற்ற பெண்ணின் உயிர் நீக்கப்பட்டது. அங்கே எழுதப்பட்ட நெறி ஒன்று கட்டாயப்படுத்திற்று. இங்கே அத்தகைய நெறி ஏதும் தேவைப்படவில்லை; 'மக்கள் ஏற்கமாட்டார்கள்' என்னும் ஒரு சொல்லே போதுமானதாயிற்று. மக்கள் உண்மையில் ஏற்றிருப்பார்களா என்று சோதித்துப் பார்க்கும் வாய்ப்பு மக்களுக்கே தரப்படவில்லை. நாவலை வாரந்தோறும் படித்தவர்களும் அதே மக்கள்தாம். அவர்களில் எவரும் காயத்ரி பிழைத்ததற்காக இதழை வீசி எறிந்துவிடவில்லை. கண்ணீர்விட்டு அரங்கைவிட்டு வெளியேறிய பார்வையாளர் அவளுக்காக இரங்கினர் என்பது மெய்யே. இரக்கம் எளிது. அவள் வாழ்ந்திருந்தால் அவளை என்ன செய்வது என்னும் வினா அவர்களைத் தொடர்ந்து வீடுவரை சென்றிருக்கும். இறப்பு அவ்வினாவை அரங்கிலேயே முடித்துவிட்டது.

'பிரியா' வேறு வகையானது. புகழ்பெற்ற நடிகை ஒருத்தி. அவள் வாழ்வைத் தன் பிடிக்குள் வைத்திருக்கும் ஜனார்த்தனன். அவளைக் காதலிக்கும் பரத். அவள் அயல்நாடு செல்லும்போது உடன் செல்லும் கணேஷ். நாவலில் அந்த அயல்நாடு இலண்டன். எஸ்.பி. முத்துராமன் இயக்கத்தில், பஞ்சு அருணாசலத்தின் திரைக்கதையில் வந்த படத்தில் அது சிங்கப்பூர். ஊர் மாறினால் என்ன என்று தோன்றலாம். இலண்டன் நாவலில் வெறும் பின்னணியன்று. மொழியும் சட்டமும் காவல்துறையின் பழக்கமும் அன்னியமான ஓர் இடத்தில், சென்னையில் சொல்வன்மையால் வாழும் வழக்கறிஞன் தடுமாறுவதே அங்கே சுவை. தெருவிலும் கடையிலும் தமிழ் கேட்கக்கூடிய சிங்கப்பூரில் அத்தடுமாற்றத்துக்கு இடம் குறைவு. எனவே படம் தடுமாற்றத்தை விடுத்துக் காட்சியைப் பற்றிக்கொண்டது. தமிழகத்துப் பார்வையாளர் வெளிநாட்டைக் கண்டு வியந்தனர். சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் கண்டவர்களின் நிலையோ தனி. கடத்தல்காரனைத் துரத்தும் காட்சியில் அவர்கள் கண் துரத்துபவனை விட்டுத் தெருவை நோக்கிச் சென்றது. இது எந்தத் தெரு, எந்தக் கட்டடம் என்று அடையாளம் காணும் ஆர்வத்தில் மர்மம் நழுவிற்று. தம் ஊரைத் தமிழ்த் திரையில் காணும் வாய்ப்பு அரிதாயிருந்த காலம் அது; அந்த ஆர்வத்தைக் குறைகூறுதல் அன்பின்மை ஆகும்.

இளையராஜாவின் இசையில் கே.ஜே. யேசுதாஸ் பாடிய பாடல் ஒன்று சிங்கப்பூரின் எழிலையும், சீனரும் மலாய்க்காரரும் தமிழரும் உறவாய் வாழும் நிலையையும் போற்றுகிறது. மர்மப் படத்தின் இலக்கணப்படி அது ஒரு தடை. அபாயத்தில் இருக்கும் பெண்ணை மறந்து படம் ஊர் சுற்றப் போய்விடுகிறது. நாவல் வாசகன் பொறுமையிழப்பது இங்கேதான். ஆனால் இப்பகுதித் தமிழரிடையே படம் நிலைத்தது அப்பாடலாலேயே. கதையை மறந்தவர்கள் பாடலை மறக்கவில்லை. ஒரு படத்தின் குறை என்று திறனாய்வாளன் குறித்துவைத்த இடமே மக்கள் மனத்தில் அதன் உயிராக நிற்பது விந்தையே. திறனாய்வாளன் தன் அளவுகோலை மறைத்துக்கொள்ளாமல் இவ்விரண்டையும் எழுதிவைப்பதே நேர்மை.

கணேஷுக்கு நேர்ந்ததை அவ்வளவு எளிதாக மன்னிக்க இயலாது. படத்தில் அவனுக்குக் காதல் உண்டு, காதற்பாட்டு உண்டு, சண்டை உண்டு. வினவி அறியவேண்டியதை அவன் குத்தி அறிகிறான். நாவலில் அவன் அறிவால் பெறும் வெற்றியைப் படத்தில் நடிகர் தம் விரைவால் பெறுகிறார். தம் கதைகள் திரையில் மாறிய விதம்பற்றிய மனக்குறையைச் சுஜாதா மறைத்தவரல்லர். ஆயினும் அவர் திரையை வெறுத்து ஒதுங்கவில்லை என்பதும் ஈண்டு நினைக்கத்தக்கது. 'ரோஜா' (1992), 'இந்தியன்' (1996) முதலிய படங்களுக்கு உரையாடல் எழுதி, திரை கேட்பது என்ன என்பதைத் திரைக்குள்ளிருந்தே கற்றுக்கொண்டார்.

இவ்வளவும் நாவலை முதலில் படித்துப் பின்னர்ப் படம் கண்டவர்களின் செய்தி. இன்றைய மாணவர்களிடம் வரிசை தலைகீழாகிவிட்டது. தொலைக்காட்சியில் 'பிரியா'வைக் கண்டுவிட்டு, நூலகத்தில் அப்பெயருடைய நூலைக் கண்டு எடுப்பவர்கள் அவர்கள். பக்கத்தைத் திருப்பும்போதே கணேஷ் ரஜினிகாந்தின் குரலில் பேசத் தொடங்கிவிடுகிறான். சிங்கப்பூர் எப்போது வரும் என்று காத்திருக்கின்றனர், இலண்டன் வருகிறது. கணேஷ் பாடுவதுமில்லை, அடிப்பதுமில்லை; உட்கார்ந்து சிந்திக்கிறான். முந்திய தலைமுறை வாசகன் படத்தைக் கண்டு 'கதையைக் கெடுத்துவிட்டார்கள்' என்று சொன்ன அதே மனத்தாங்கலோடு, இம்மாணவன் நூலை மூடிவைத்துவிட்டு, எழுதியவர் ஏன் இப்படி மாற்றிவிட்டார் என்று ஆசிரியரைக் கேட்கிறான்.