தோடியைத் தேடி எடுக்கும் வித்தை

பழைய கேசட் உறைகளின் முதுகில் ரசிகர்கள் பேனாவால் எழுதிவைத்த குறிப்புகளைப் படிப்பது தனி ருசி. பாடியவர் யார், வயலின் யார், கரகரப்ரியா எப்படி அமைந்தது, டேப் தீர்ந்து தனி ஆவர்த்தனம் எங்கே அறுந்துபோகிறது, எல்லாம் இரண்டே வரியில் வந்துவிடும். அதே கேசட் கணினிக்குள் போனதும் ‘டிராக் 01’ ஆகிவிடுகிறது. சேகரிப்பு பெருகப் பெருக, இருப்பது என்ன என்று சேகரித்தவருக்கே தெரியாமல் போகிறது.

இதற்குச் சோம்பல் மட்டும் காரணமில்லை. எம்பி3 கோப்புக்குள் பாட்டின் விவரங்களைப் பொதிந்துவைக்கும் ஐடி3 முறை 1996இல் வந்தது. கோப்பின் வாலில் மொத்தம் 128 பைட். அதில் தலைப்புக்கு 30, பாடகருக்கு 30, ஆல்பத்துக்கு 30. தமிழை இன்று வழக்கிலுள்ள யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் உயிர்மெய்க் குறிகளும் புள்ளியும்கூடத் தனித்தனியே 3 பைட் கேட்கும். ‘சங்கராபரணம்’ என்ற ஒரு சொல்லுக்கே 33 பைட் வேண்டும். அடுத்த பதிப்பு இடத்தைத் தாராளமாக்கியது. அடிப்படை எண்ணம் மாறவில்லை. ஒரு பாடகர், ஓர் ஆல்பம், வரிசையாகப் பாட்டுகள். மூன்று மணி நேரக் கச்சேரியில் ஆல்பம் எது? மிருதங்கக்காரருக்கு எந்தக் கட்டம்?

2001இல் வெளிவந்த ஃப்ளாக் வடிவம் இந்த இடத்தில் கைகொடுக்கிறது. ஒலியில் ஒரு துளியும் இழக்காமல் கோப்பைச் சுருக்கும் என்பதற்காகத்தான் பலர் அதைப் புகழ்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது, விவரக் கட்டங்களை நாமே உண்டாக்கிக்கொள்ளலாம் என்பது. ராகம், தாளம், இயற்றியவர், வயலின், மிருதங்கம், கடம், இடம் என்று வேண்டியதைச் சேர்க்கலாம். கட்டத்தின் பெயரை ரோமன் எழுத்தில்தான் வைக்க வேண்டும். உள்ளே எழுதுவது முழுக்கத் தமிழில் இருக்கலாம். எம்பி3டேக் போன்ற இலவச மென்பொருளில் இதை மொத்த மொத்தமாகச் செய்துவிட முடியும்.

கட்டம் கிடைத்தவுடன் அடுத்த தலைவலி, பெயர். தோடி ஒரு கோப்பில் தோடி, இன்னொன்றில் ஹனுமதோடி, தீட்சிதர் வழிக்காரர் கையில் ஜனதோடி. ஆங்கிலத்தில் எழுதியிருந்தால் கேட்கவே வேண்டாம், காம்போதிக்கு மட்டும் நாலைந்து எழுத்துக்கூட்டல் பார்க்கலாம். ஒரே பெயரை முடிவுசெய்து, பக்கத்தில் மேள எண்ணையும் எழுதிவைப்பதே சரி. தோடி 8, கரகரப்ரியா 22, கல்யாணி 65. ஜன்ய ராகத்துக்குத் தாய் மேளத்தின் எண். பைரவியை 20இன் கீழும், காம்போதியையும் மோகனத்தையும் 28இன் கீழும் போட்டுவிட்டால் குடும்பம் குடும்பமாக வந்து நிற்கும்.

இவ்வளவு மெனக்கெட்டதற்குப் பலன் தேடும்போது தெரியும். வயலின் கட்டத்தில் லால்குடி ஜெயராமன் என்று தேடிப் பாருங்கள். அரியக்குடி, செம்மங்குடி, ஜி.என்.பி., மதுரை மணி, ஆலத்தூர் சகோதரர்கள் எனப் பலருக்கு வாசித்தவர் அவர். பாடகர் பெயரில் மட்டும் அடுக்கிய சேகரிப்பில் அவர் எங்கெங்கோ சிதறிக் கிடப்பார். வயலின் வரிசையில் கேட்டால், ஜி.என்.பி.யின் பிருகாக்களுக்கு வில் கொடுக்கும் பதிலும், மணி ஐயரின் சர்வலகு ஸ்வரங்களுக்குக் கொடுக்கும் பதிலும் அடுத்தடுத்து வந்து விழும். பக்கவாத்தியத்தைப் பாடகரின் நிழலாக மட்டும் கேட்டுப் பழகிய காதுக்கு இது புது விருந்து.

வெட்டுவதிலும் ரசனை உண்டு. ஆலாபனை முடிந்து பாட்டு தொடங்கும் இடத்தில் கத்தரி வைப்பவர்களை என்னால் மன்னிக்க முடியாது. அந்த இடைவெளியில்தான் தம்புரா தனியாக ஒலிக்கும். பாடகர் தொண்டையைச் செருமுவார். சபையில் யாரோ ‘பேஷ்’ என்பார். கச்சேரியை வெட்டாமல் ஒரே கோப்பாக வைத்துக்கொண்டு, எந்த நிமிடத்தில் எந்த உருப்படி என்பதை ‘கியூ ஷீட்’ என்ற சிறு உரைக்கோப்பில் எழுதிவைத்தால் போதும். அதைப் படிக்கத் தெரிந்த ஃபூபார்2000 போன்ற பிளேயரில் வேண்டிய இடத்துக்குத் தாவலாம். முழுக் கச்சேரியாகவும் கேட்கலாம்.

சுருதியையும் பார்த்துவிடுங்கள். பதிவுசெய்த டெக்கும் ஓட்டும் டெக்கும் ஒரே வேகத்தில் சுழலும் என்று நம்புவதற்கில்லை. சுமார் 6 விழுக்காடு வேகம் கூடினாலே சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். ஒரு கட்டையில் பாடியவர் ஒன்றரையில் பாடுவார். ராகம் கெடாது, குரலின் கனம் போய்விடும். ஆடாசிட்டியில் இதைத் திருத்தும்போது சுருதியை மட்டும் இறக்கக் கூடாது. டேப் வேகமாக ஓடியபோது காலப்பிரமாணமும் சேர்ந்தே ஓடியிருக்கிறது. வேகத்தைக் குறைத்தால் இரண்டும் ஒன்றாகத் தம் இடத்துக்குத் திரும்பும். திருத்தாத மூலத்தையும் அழிக்காதீர்கள். நாளைக்கு நம்மைவிட நல்ல காது ஒன்று வரலாம்.

காப்புப் பிரதி பற்றிச் சொல்வதற்கு அதிகமில்லை, செய்வதற்குத்தான் இருக்கிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோக் பரப்பிய 3-2-1 கணக்கு இசைக்கும் பொருந்தும்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறு ஊரில். 2015 டிசம்பரில் வீட்டுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்த சென்னைக்காரர்களுக்குக் கடைசி விதியை விளக்க வேண்டியதில்லை. மூன்று மணி நேரக் கச்சேரி சிடி தரத்தில் 1.9 ஜிபி, ஃப்ளாக்கில் ஏறத்தாழ பாதி. ஒரு டெராபைட் வட்டில் ஆயிரம் கச்சேரி அடங்கும். கோயம்புத்தூரில் இருக்கும் மைத்துனர் வீட்டு அலமாரியில் ஒரு வட்டு இருப்பது பெரிய சுமையல்ல. கணினியில் அழித்தால் தானும் அழித்துக்கொள்ளும் ஒத்திசைவுச் சேவையைக் காப்புப் பிரதி என்று எண்ணிவிடாதீர்கள். ஃப்ளாக் ஒவ்வொரு கோப்புக்குள்ளும் மூல ஒலியின் கைரேகையாக ஓர் எம்டி5 எண்ணை வைத்திருக்கிறது. ஆண்டுக்கொரு முறை அதைச் சரிபார்க்கும் சோதனையை ஓடவிட்டால், கெட்ட கோப்பு காதுக்கு எட்டும் முன்பே பிடிபடும். நல்ல பிரதியை எடுத்துப் போட்டுவிடலாம்.

வீட்டில் எழுதிய சிடிக்களின் சாயம் நாளாக ஆக மங்கும்; நம் ஊர் வெக்கையும் ஈரமும் அதற்கு உதவிசெய்யும். இருபது வருடத்துக்கு முன் எழுதி அடுக்கிவைத்தவை உங்களிடம் இருந்தால், இந்த மார்கழி சீசனுக்கு முன் அவற்றை வட்டுக்கு மாற்றிவிடுங்கள். பெயரெல்லாம் பிறகு எழுதிக்கொள்ளலாம்.