சாப்ளினை இயக்கிய நங்கை

ஊமைப்பட நகைச்சுவை என்றதும் சாப்ளினைப் போற்றும் நாம், அவரை இயக்கிய மேபல் நார்மண்டை மறந்துவிடுகிறோம். 1912 முதல் கீஸ்டோன் நிறுவனத்தில் நடித்த இவ்வம்மையார், விரைவிலேயே இயக்குநருமானார். 1914-இல் 'மேபல் அட் தி வீல்' படப்பிடிப்பில் இவரோடு பிணங்கிய சாப்ளின், இவர்தம் இயக்கத் திறனைத் தாம் ஐயுற்றதாகத் தன்வரலாற்றில் எழுதினார். அந்நூல் வெளிவந்தது 1964-இல்; 1930-இலேயே காசநோயால் மறைந்த நார்மண்ட் எங்ஙனம் மறுமொழி கூறுவார்? (1922-ஆம் ஆண்டுக் கொலை வழக்கொன்றில் செய்தித்தாள்கள் இவர் பெயரை இழுத்த கதை ஈண்டு வேண்டா.) பிணங்கியவர் சொல்லையே தீர்ப்பாகக் கொள்வது திறனாய்வாகுமா? படமன்றோ சான்று! சாப்ளின் தம் நாடோடி வேடத்தை முதன்முதல் புனைந்ததே, நார்மண்ட் இயக்கிய 'மேபல்ஸ் ஸ்ட்ரேஞ்ச் பிரெடிக்கமென்ட்' படத்திற்காகத்தான். அதில், இரவு உடையுடன் அறைக்கு வெளியே அகப்பட்டுக்கொண்ட பெண்ணாக வரும் இவர், நாணமும் அச்சமும் கலந்த முகக்குறிப்பாலேயே நகைப்பூட்டுகிறார்.