தாழ்ப்பாளும் தனிமையும்: கொழும்புத் தமிழ் இல்லங்களின் குளியலறை பற்றிய ஒரு நோக்கு

ஒரு சமூகத்தின் பண்பாட்டினை அறிய விழைவோர் அதன் ஆலயங்களையும் இலக்கியங்களையும் சடங்குகளையும் ஆராய்தல் வழக்கம். வீட்டின் பிற்புறத்தே அமைந்து, பேச்சிலும் தவிர்க்கப்படும் குளியலறையை ஆய்வுப்பொருளாகக் கொள்வோர் மிகச் சிலரே. எனினும் பிறநாட்டார் இப்பொருளை இழிவானதெனக் கருதி ஒதுக்கிவிடவில்லை. யப்பானிய எழுத்தாளர் தனிசாக்கி 1933 இல் எழுதிய அழகியல் பற்றிய புகழ்பெற்ற கட்டுரையின் முற்பகுதியிலேயே கழிப்பறையின் அமைதியை எடுத்துப் பேசினார். கோர்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக்சாண்டர் கீரா 1966 இல் குளியலறை பற்றித் தனி நூலொன்றினையே வெளியிட்டு, அங்கு மனிதர் நாடும் மறைவினையும் ஆய்வுக்கு உட்படுத்தினார். மனிதன் தன் உடலோடு தனித்திருக்கும் இடம் அவனுடைய சமூக உறவுகளைக் காட்டும் இடமுமாகும் என்பதே இத்தகைய முயற்சிகளின் அடிப்படை.

கொழும்பிலே தமிழர் செறிந்து வாழும் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளின் இல்லங்களிற் குளியலறைக் கதவைத் தாழிடுவது பற்றி எழும் பூசல் சிறியதாகவே தோன்றும். "எங்களுக்குள்ளை என்ன ஒளிப்பு?" என்று தாய் கேட்பாள், மகள் விடை கூறாது தாழ்ப்பாளைப் போடுவாள். இச்சிறு பூசலின் பின்னே இடநெருக்கடியும் இடப்பெயர்வும் குடும்ப அதிகாரமும் மறைந்து நிற்கின்றன. ஆதலின் இதனை நாகரிக மோகம் என்றோ தலைமுறை இடைவெளி என்றோ கூறி அமைதல் போதாது.

யாழ்ப்பாணத்துக் குடியிருப்பு முறையினை முதலில் நோக்குதல் வேண்டும். அங்கு குளிப்பு கிணற்றடியிலேயே நிகழ்ந்தது. பெண்கள் குறுக்குக்கட்டுடன் திறந்த வெளியிலேயே நீராடினர். மலங்கழித்தலைக் குறிக்க 'வெளிக்குப் போதல்' என்ற தொடர் வழங்கிற்று. பின்னர் வளவின் ஒரு மூலையில் எழுந்த சிறு கட்டடத்திற்கு ஒல்லாந்தரிடமிருந்து வந்த 'கக்கூஸ்' என்ற சொல் நிலைத்தது. கதவும் தாழ்ப்பாளும் அருகியிருந்த இவ்வாழ்விலே மறைவு இருக்கவில்லை என்று கொள்வது தவறாகும். கிடுகு வேலி ஒரு மறைப்பு. வீட்டிற்கும் கிணற்றுக்கும் இடையிலான தூரம் மற்றொரு மறைப்பு. விடியுமுன் பெண்கள் குளிப்பதும், அவ்வேளை அப்பக்கம் செல்லும் ஆடவர் செருமிக் குரல்கொடுத்து ஒதுங்குவதும் காலத்தாலும் வழக்கத்தாலும் அமைந்த மறைப்புகள். காணாதது போல் முகந்திருப்பிக் கொள்ளுதல் ஓர் ஒழுக்கமாகவே பயிலப்பட்டது. சுருங்கக் கூறின், தாழ்ப்பாள் செய்யவேண்டிய பணியை நிலமும் நேரமும் வழக்கமும் பகிர்ந்து செய்தன.

கொழும்புக்குப் பெயர்ந்தபோது இம்மூன்றும் உடன் வரவில்லை. 1905 இல் வடபகுதிக்கான புகையிரதப் பாதை நிறைவுற்றதன் பின்னர் அரசாங்க உத்தியோகம் நாடித் தலைநகர் வந்த இளைஞர் பலர் 'சமறி' எனப்பட்ட கூட்டு வாழ்க்கையில் ஒரு குளியலறையைப் பலராகப் பகிர்ந்துகொண்டனர். குடும்பங்கள் வந்தபோது பெரிய வீடுகளின் பக்கத்தே ஒட்டிய 'அனெக்ஸ்' பகுதிகள் வாடகைக்குக் கிடைத்தன. 1983 யூலை வன்செயல்களிற் பல வீடுகள் எரிந்தன. ஆயிரக்கணக்கானோர் கோயில்களிலும் பாடசாலைகளிலும் இரத்மலானை விமான நிலையத்திலும் தஞ்சம் புகுந்து, பின்னர் கப்பலேறி வடக்கே சென்றனர். போர் கடுமையுற்றபோது வடக்கிலிருந்து மீண்டும் கொழும்பு நோக்கிப் பெருகிய மக்களை வெள்ளவத்தை ஏற்றது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலான ஒழுங்கைகளிலே 1990 களிலிருந்து தொடர்மாடிகள் பெருகின. இரண்டு மூன்று அறைகளிற் பெற்றோரும் பிள்ளைகளும், வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருக்கும் உறவினரும், வாடகைக்கு ஓர் அறை பெற்ற மாணவரும் ஒருங்கே வாழ்ந்தனர். கிணற்றடியின் தூரம் ஒரு மெல்லிய பலகைக் கதவாகச் சுருங்கிற்று. முன்னர் வேலியும் விடியற்பொழுதும் செய்த பணி முழுவதும் அக்கதவின் சிறு தாழ்ப்பாளின் மீது சுமத்தப்பட்டது. 'வெளிக்குப் போதல்' என்ற தொடர் மாத்திரம் மாறாதிருக்க, அச்செயல் வீட்டின் நடுவே சமையலறைக்கு எதிரே வந்துவிட்டமை நோக்கத்தக்கது.

கொட்டாஞ்சேனையின் நிலை வேறுபட்டது. புனித லூசியாள் பேராலயமும் பொன்னம்பலவாணேசர் ஆலயமும் அணிசெய்யும் இப்பகுதியிலே, துறைமுகத்தையும் வணிகத்தையும் சார்ந்த உழைப்பாளர் வாழும் 'தோட்டங்கள்' எனப்படும் வரிசை வீடுகள் நெருங்கியுள்ளன. இங்குப் பொதுக் குழாயும் பொது மலசலகூடமுமே நெடுங்கால வழக்கு. 1973 ஆம் ஆண்டின் வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம் இத்தகைய குடியிருப்பாளர் பலருக்கு வீட்டுரிமை கிடைக்க வழிசெய்ததாயினும், தனிக் குளியலறைக்கு வேண்டிய நிலத்தை அதனால் உண்டாக்க இயலவில்லை. 2001 ஆம் ஆண்டளவில் மாநகரசபையும் சேவநாத நிறுவனமும் எடுத்த கணக்கு, கொழும்பு நகரில் 1,614 குறைவருமானக் குடியிருப்புகளில் 77,612 குடும்பங்கள் வாழ்ந்ததாகக் காட்டியது.

இத்தோட்டங்களிற் பூட்டு வேறொரு பொருள் பெறுகின்றது. பல குடும்பங்கள் பகிரும் மலசலகூடத்தைத் தூய்மையாக வைத்திருக்க விரும்புவோர் அதன் வெளிப்புறத்தில் ஆமைப்பூட்டு இடுவர். திறப்பு வீட்டுப் பெண்ணின் பொறுப்பில் இருக்கும். உள்ளே தாழ்ப்பாள் கழன்றிருப்பினும் வெளிப்பூட்டு உறுதியாக இருக்கும். அதாவது, அறை காக்கப்படுகின்றது. அறையினுள் இருப்பவர் காக்கப்படவில்லை. வாளிக் கக்கூஸ் வழக்கிலிருந்த காலத்தின் அமைப்பும் இதனோடு ஒப்புநோக்கற்பாலது. முன்புறத்தே வீட்டாருக்குக் கதவும், பின்புறத்தே துப்புரவுத் தொழிலாளிக்குத் திறந்த பொந்தும் அங்கு இருந்தன. பின்புறம் வருபவரை மனிதராக எண்ணாதிருந்தமையாலேயே அத்திறப்பு எவருடைய நாணத்தையும் தொடவில்லை. மறைவு பற்றிய உணர்வு சாதி வழியாகவும் வகுக்கப்பட்டிருந்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

தாழிடுதலுக்கு எதிராக இல்லங்களிற் கூறப்படும் நியாயங்கள் மூன்று. முதலாவது, முதியோர் வழுக்கி விழுந்தால் உதவ இயலாது என்பது. ஈரத்தரையில் விழுதல் முதுமையின் பெரும் இடர்களுள் ஒன்றாதலின் இவ்வச்சம் உண்மையானதே. ஆயின் வெளியிலிருந்து ஒரு நாணயத்தால் திருப்பித் திறக்கக்கூடிய தாழும், விழுந்தவர் மீது மோதாது வெளிப்புறமாகத் திறக்கும் கதவும் இவ்விடரைத் தணிக்க வல்லன. பாட்டனாரின் பாதுகாப்புக்காகக் கூறப்படும் நியாயம் பதினாறு வயதுப் பேர்த்தியின் தாழைக் கழற்றுவதற்கும் பயன்படுத்தப்படும்போதே அது ஐயத்துக்குரியதாகின்றது.

இரண்டாவது, வசதிக்குறைவு. குளிப்பும் மலசலமும் ஒரே அறையில் அமைந்த வீட்டில், ஒருவர் கதவைத் தாழிட்டால் எட்டுப் பேர் காத்திருக்க நேரும். காலை ஆறு மணிக்கும் ஏழரை மணிக்கும் இடையே பாடசாலைக்கும் பணிமனைக்கும் புறப்படும் வீட்டில் இது மெய்யான துன்பமே. ஆதலாற்றான் ஒருவர் திரைக்குப் பின்னே குளிக்க மற்றொருவர் முகங்கழுவும் வழக்கம் தோன்றிற்று. வறுமையினாலும் நெருக்கத்தினாலும் விளைந்த இவ்வழக்கத்தைக் குடும்ப ஒற்றுமையின் அடையாளமாகப் போற்றுதல் பொருந்தாது. இரு தேவைகளையும் ஒரு சுவரால் பிரிக்கும் எளிய மாற்றத்தை வீடு கட்டுவோரிடம் கோருவதே முறையாகும்.

மூன்றாவது நியாயமே ஆழ்ந்து ஆராயத்தக்கது. குடும்பத்தினுள் மறைக்க எதுவுமில்லை என்பது அது. இக்கூற்று எல்லாருக்கும் ஒருங்கே பொருந்துமாயின் ஏற்கத்தக்கதாகலாம். ஆனால் நடைமுறை அவ்வாறில்லை. குடும்பத் தலைவர் குளிக்கும்போது கதவு தாழிடப்படாவிடினும் எவரும் அதனைத் தட்டத் துணியார். அவருடைய அதிகாரமே அவருக்குத் தாழ்ப்பாள். மருமகள் தாழிட்டாற் "கன நேரம் என்ன செய்கிறாள்?" என்ற வினா எழும். மாதவிலக்கு நாட்களிலே 'துடக்கு' என்று பெண் விலக்கி வைக்கப்படுகின்றாள். அவள் எந்நாளிற் குளித்தாள் என்பதை வீடு முழுவதும் அறியும். ஒதுக்கி வைப்பதற்கு இடமுள்ள வீட்டில் தனித்திருப்பதற்கு உரிமையில்லை. பூரண வெளிப்படைத்தன்மை எனப் புகழப்படுவது, கீழிருப்போர் மேலிருப்போர் பார்வைக்கு எப்போதும் திறந்திருக்கும் நிலையே என்பது இதனாற் புலனாகும்.

இங்கு ஒரு வரலாற்று முரண் கருதத்தக்கது. போர்க்காலக் கொழும்பில் தமிழ்க் குடும்பங்கள் தம் வாயிற்கதவின் மீது உரிமையற்றிருந்தன. வீட்டிலுள்ளோர் பெயர்ப்பட்டியல் பொலிசாரிடம் கையளிக்கப்படல் வேண்டும்; நள்ளிரவிற் கதவு தட்டப்பட்டால் திறத்தல் வேண்டும். 2007 யூன் 7 ஆந் திகதி தலைநகரின் தங்குவிடுதிகளிலிருந்து 376 தமிழர் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர்நீதிமன்றம் அவ்வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்காலக் கட்டளை பிறப்பித்தது. தட்டாமல் திறக்கப்படும் கதவின் அவமதிப்பை இச்சமூகம் நன்கு அறியும். 1948 ஆம் ஆண்டின் உலக மனித உரிமைப் பிரகடனத்தினது 12 ஆவது உறுப்புரை தனிவாழ்விலும் குடும்பத்திலும் வீட்டிலும் தன்னிச்சையான தலையீட்டினைக் கண்டிக்கின்றது. அவ்வுரிமையை வாயிற்கதவிற் கோரியவர்களே வீட்டின் உட்கதவில் அதனை மறுப்பது சிந்திக்க வேண்டியதொன்று. அரசினது சோதனையை அநீதி என்று கண்டவர், தம் அதிகாரத்தின் சோதனையைப் பாசம் என்று பெயரிடுகின்றனர்.

இவ்வினா வெறும் கண்ணியம் பற்றியதன்று. சிறுவர் மீதான பாலியல் துன்புறுத்தல் பெரும்பாலும் அறிந்தவராலும் உறவினராலுமே நிகழ்கின்றது என்பது பல நாடுகளின் ஆய்வுகள் உணர்த்தும் உண்மை. இலங்கையில் 1995 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகத்தையும் முறைதகாப் புணர்ச்சியையும் குற்றங்களாக வரையறுத்தது. 1998 இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபை சட்டத்தால் நிறுவப்பட்டது. 1991 இல் இலங்கை ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 16 ஆவது உறுப்புரை பிள்ளைக்கும் தனிவாழ்வுரிமை உண்டென்கின்றது. ஆயினும் சட்டம் துன்பம் நிகழ்ந்த பின்னரே பெரும்பாலும் வீட்டினுள் நுழைகின்றது. உறவினரும் வாடகையாளரும் கலந்துறையும் நெருங்கிய வீட்டிலே, தாழிடுவது தவறு என்று பழக்கப்பட்ட பிள்ளை, தன்னுடலுக்கு எல்லையுண்டு என்பதையே அறியாது வளர்கின்றது. எல்லையை அறியாத பிள்ளை அது மீறப்பட்டதை எவ்வாறு எடுத்துரைக்கும்? தாழ்ப்பாள் எல்லாத் தீங்கையும் தடுக்காது. ஆனால் "என் அனுமதியின்றி இங்கு வராதே" என்ற வாக்கியத்தைப் பிள்ளை முதன்முதல் கற்கும் இடம் அதுவே.

தனிமை நாட்டம் மேற்கிலிருந்து வந்த தொற்று என்பாரும் உளர். வேர்ஜினியா வூல்ஃப் 1929 இல் பெண்ணொருத்தி எழுதுவதற்குப் பணமும் தனக்கென ஓர் அறையும் வேண்டுமென்று வாதிட்டார் என்பதையும் அவர்கள் சான்றாகக் காட்டக்கூடும். ஆனால் கிடுகு வேலியைக் கட்டியவர்களும், கிணற்றடியருகே செருமிக் குரல்கொடுத்தவர்களும் வூல்ஃபைப் படித்தவரல்லர். பிறர் உடலின் மறைவை மதித்தல் தமிழர் வாழ்வில் முன்னரே இருந்த ஒழுக்கம். இடநெருக்கடி அதன் புறவடிவத்தைக் குலைத்தது. அதிகாரம் அதன் உட்பொருளையும் மறக்கச் செய்தது. எனவே மகள் போடும் தாழ்ப்பாள் மரபை மீறுவதன்று; இழந்த வேலியைச் சிறிய அளவில் மீட்பதாகும்.

அனர்த்தங்களின்போது அமைக்கப்படும் முகாம்களுக்கே, இருபது பேருக்கு ஒன்றென மலசலகூடங்களும் அவற்றுக்கு உட்புறத் தாழும் வேண்டுமென ஸ்பியர் எனும் சர்வதேச மனிதாபிமான நியமங்கள் வகுத்துள்ளன. அனைத்தையும் இழந்து முகாமில் இருப்பவருக்கு ஏற்கப்பட்ட உரிமையைச் சொந்த வீட்டில் இருப்பவருக்கு மறுப்பதற்கு நியாயமில்லை. தோட்டங்களிலே உட்புறத் தாழினைப் பொருத்திப் பேணுதல் மாநகரசபையின் கடமைகளுள் ஒன்றாதல் வேண்டும். தொடர்மாடிகளிலே குளியலறையையும் மலசலகூடத்தையும் வேறாக்குதல் கட்டுநரின் பொறுப்பாதல் வேண்டும். இல்லத்தாரின் பங்கு இவற்றினும் எளிது, செலவும் அற்றது. தந்தையின் கதவுக்குக் காட்டும் தயக்கத்தை மகளின் கதவுக்கும் மருமகளின் கதவுக்கும் காட்டுதலே அது. கொழும்பு நகரின் கழிவுநீரை வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் கடலுக்குள் செலுத்த நிலத்தின் கீழே பெருங்குழாய்கள் அமைந்துள்ளன. அக்குழாய்களின் தொடக்கத்தில் உள்ள சிறு அறையில் ஒரு மனிதர் அச்சமின்றிச் சில நிமிடங்கள் இருப்பதற்கு ஒரு விரலளவு தாழ்ப்பாள் போதும்.