முஅல்லிம் என்னும் மாலுமி
இப்னு மாஜிதின் 'அல்ஹாவியா' குறித்து ஒரு மதிப்பீடு

அரபியில் ஆசிரியரைக் குறிக்கும் 'முஅல்லிம்' என்னும் சொல், இந்தியப் பெருங்கடலில் கப்பலுக்கு வழிகாட்டுபவரையும் குறித்தது. நமது 'மாலுமி' அச்சொல்லின் திரிபே; 'சுக்கான்' என்பதும் அரபு தந்ததே. கடலுக்கு வெகு தொலைவிலுள்ள சேலம், நாமக்கல் பகுதி மாணவர்களுக்கு இதைக் கூறும்போது அவர்கள் வியப்படைவதுண்டு. ஒரே பெயர் இரு தொழிலுக்கும் ஏன் பொருந்திற்று என்பதற்கு விடை தரும் நூல்களுள் ஒன்று 'அல்ஹாவியா'.

ஜுல்ஃபாரில் பிறந்த அஹ்மத் இப்னு மாஜித் இதனை ஹிஜ்ரி 866இல் (கி.பி. 1462) யாத்தார். ரஜஸ் யாப்பில் அமைந்த ஆயிரத்துக்கும் மேற்பட்ட அடிகள். கரை நெருங்குவதன் அடையாளங்கள், திசைகள், பருவக்காற்றுகள், விண்மீன் அளவுகள் ஆகியன பொருள். அவர்தம் தந்தையாரும் செங்கடல் வழிகளைப் பற்றி இத்தகைய நெடும்பாடல் இயற்றியவரே.

கவிதையாக நோக்கின் குறைகள் பல. நடை கரடுமுரடானது, இலக்கணத்தில் நெகிழ்ச்சியுண்டு. ரஜஸைக் 'கவிஞர்களின் கழுதை' என்பர் அரபுத் திறனாய்வாளர். ஆயினும் சுமை தூக்கக் கழுதைதானே உதவும்? இப்னு மாலிக்கின் 'அல்ஃபிய்யா' இலக்கணத்தைச் சுமப்பதும் இதே யாப்பில்தான். காற்றும் அலையும் சீறும் இரவில், ஏட்டைப் புரட்ட இயலாதவனுக்கு மனனமே ஏடு.

இங்கு ஒரு பிழையான முடிவுக்கு வந்துவிடலாகாது. மனனமே அக்காலக் கடற்கல்வி எனக் கருதுவோர் நூலைப் பாதியே படித்தவராவர். வடக்கு நோக்கி எட்டு 'ஸாம்', அதாவது மும்மணி நேரப் பொழுதுகள் எட்டு, ஓடினால் துருவ விண்மீன் ஓர் 'இஸ்பஃ' (விரல்) உயரும் என்பது விதி. விதியைத் திண்ணையிலிருந்தே ஒப்பிக்கலாம். ஆடும் தளத்தில் நின்று, அளவுப் பலகையின் ஒரு விளிம்பை அடிவானத்திலும் மறு விளிம்பை விண்மீனிலும் பொருத்தும் கையோ பயணத்தில்தான் பழகும். சேற்றின் நிறமும் கடற்பாம்பின் வரவும் கரையை அறிவிக்கும் என்று பாடம் சொல்லும்; எந்தச் சேறு, எந்தக் கரை என்பதைக் கண்களே கற்க வேண்டும். அன்று தனியே பயிற்சிக் கப்பல் தேவைப்படவில்லை; ஒவ்வொரு வணிகப் பயணமும் பயிற்சிப் பயணமாயிற்று. இந்தியக் கடற்படை 1997இல் 'தரங்கிணி' என்னும் பாய்க்கப்பலைப் பயிற்சிக்கென்றே அமைத்ததும் இவ்வுண்மையை உணர்ந்துதான்.

பின்னர் எழுதிய 'அல்ஃபவாயித்' என்னும் உரைநடை நூலில், தமக்கு முந்திய மூவரை, முஹம்மத் இப்னு ஷாதான், ஸஹ்ல் இப்னு அபான், லைஸ் இப்னு கஹ்லான் ஆகியோரை, அவர் சிங்கங்கள் எனப் போற்றுகிறார். உடனேயே, அவர்கள் தொகுத்தோரேயன்றிச் சோதித்தறிந்தோர் அல்லர் என்றும் சாடுகிறார். தம்மை நான்காமவராக வைக்கும் தற்பெருமை உறுத்தவே செய்கிறது. இளையோர் கப்பலில் எவ்வாறு படிப்படியாகப் பழக்கப்பட்டனர் என்பதை விரித்துரையாததும் குறையே. எனினும் அச்சாட்டு மெய்யானது.

அது என்னையும் தொட்டது. அல்ஃபிய்யாவைத் தடையின்றி ஒப்பித்த மாணவரொருவர், எளிய வாக்கியமொன்றில் அதே விதியைக் கண்டறிய இயலாது நின்றார். பிழை அவருடையதன்று. பாட்டைக் கொடுத்த நான் பயணத்தைக் கொடுக்கவில்லை. அன்றுமுதல் ஒவ்வோர் அடிக்குப் பின்னும் புதியதொரு பனுவலை அவர்கள்முன் வைத்து, தாமே வழிகண்டு செல்லுமாறு விடுகிறேன். பாடம் மெதுவாகவே நகர்கிறது; ஆனால் நகர்கிறது.