ராத்திரிச் சபையின் வாசல்

கோவில்பட்டிக்குப் பக்கத்து இடைசெவலில் பால்ய சிநேகிதர்களாக வளர்ந்த கு. அழகிரிசாமிக்கும் (1970) கி. ராஜநாராயணனுக்கும் (1991) சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. பின்னாளில் அதே வட்டாரத்துப் பூமணிக்கும் (2014) சோ. தர்மனுக்கும் (2019) கிடைத்தது. மானாவாரி பூமியில் இவ்வளவு எழுத்து விளைந்ததற்கு மண்ணையும் வெயிலையும் காரணம் சொல்வார்கள். நான் பேச்சைச் சொல்வேன்.

எழுபது, எண்பதுகளின் கோவில்பட்டியில் கவிஞர் தேவதச்சனின் நகைக்கடை, டீக்கடை பெஞ்சு, மைதானம் என்று இலக்கியம் பேசும் சபை இடம் மாறிக்கொண்டே இருந்தது. தபால் துறையில் வேலை பார்த்த எழுத்தாளர் ச. தமிழ்ச்செல்வன் போன்றவர்கள் வேலை முடிந்து, வெக்கை தணிந்தபின் வந்தார்கள். வீட்டிலும் வேலையிடத்திலும் கேட்க ஆளில்லாத ஒன்றைச் சொல்லத்தான் மனிதர்கள் இப்படிக் கூடுகிறார்கள். சந்தா இல்லை, தலைவர் இல்லை, படித்திருந்தால் போதும்.

இந்த மரபின் பெரிய பலம், உடனே கிடைக்கும் திருத்தம். நான் உட்கார்ந்திருந்த ஒரு ராத்திரியில், இளைஞர் ஒருவர் நோட்டைப் பிரித்துக் கதை வாசித்தார். பாதியில் ஒரு சம்சாரி கைகாட்டி நிறுத்தினார்: “தம்பி, மானாவாரிப் பருத்திய மாசியிலயா விதைப்பாக? புரட்டாசி, ஐப்பசில விதைச்சது மாசியில வெடிச்சு நிக்கும்.” வாசித்தவர் அங்கேயே பேனாவை எடுத்து அடித்துத் திருத்தினார். எந்தப் பத்திரிகை ஆசிரியரும் அந்தப் பிழையைக் கண்டிருக்க மாட்டார்.

குறைகளும் உண்டு. பேச்சு காற்றோடு போய்விடுகிறது. திருநெல்வேலியில் ரசிகமணி டி.கே.சி. நடத்திய வட்டத்தொட்டி என்ற இலக்கியச் சபையையே, போய்வந்தவர்களின் நினைவுகள் வழியாகத்தான் நாம் அறிகிறோம். கி.ரா. வட்டாரச் சொற்களைத் தேடித் திரட்டி அகராதியாக்கியதால் அவை பிழைத்தன. சொல்லித் தீர்த்த கதையை எழுதாமலே விட்டவர்களும் உண்டு. கைதட்டு கிடைத்த பிறகு எழுதும் தவிப்பு அடங்கிவிடுகிறது.

இவற்றைவிடப் பெரிய குறை, சபை கூடும் நேரம். இந்த வட்டாரத்துத் தீப்பெட்டி ஆபீஸ்களில் கட்டை அடுக்கியும் பெட்டி ஒட்டியும் உழைத்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பொழுது சாய வீடு திரும்பினால் குழாயடியும் அடுப்பும் காத்திருக்கும். ஒன்பது மணிக்கு மைதானத்தில் கூடும் சபைக்கு அவர்களை யாரும் வரவேண்டாம் என்று சொன்னதில்லை. அந்த நேரமே அவர்களுக்குக் கதவைச் சாத்திவிட்டது. அடுக்கும் கையின் வேகத்தை, மருந்து வாடையை, வாரக்கூலிக் கணக்கை அறிந்தவர்கள் இல்லாத சபையில், அந்தக் கதைகளைத் திருத்தக் கைகாட்ட யார் இருந்தார்கள்?

சபையைக் கலைக்க வேண்டியதில்லை. நேரத்தை மாற்றினால் போதும். தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு விடும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளைகளோடு வந்து உட்கார நிழலுள்ள ஓரிடம், பேச்சைக் குறித்துவைக்க ஒரு நோட்டு. பருத்தி விதைக்கும் மாதத்தைச் சொல்லித் திருத்திய சபைக்கு, கட்டை அடுக்கிய கைகள் சொல்லித் திருத்த வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.