மான்விழியும் மணக்கோலமும்

வட அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் 15ஆம் நாள் துப்பாக்கி கொண்டு மான் வேட்டையாடும் பருவம் தொடங்குகிறது. அத்திங்களின் இறுதி நாள் வரை அது நீடிக்கும். விடியலுக்கு முன்னரே காட்டினுள் சென்று அமர்ந்து, வெள்ளைவால் மானின் வரவை எதிர்நோக்கிக் காத்திருப்பது அப்பகுதி ஊர்ப்புற மக்களின் வாழ்வோடு கலந்துவிட்ட வழக்கம். திருமணங்களோ கோடையிலும் இலையுதிர்காலத் தொடக்கத்திலும் மிகுதி. ஆகவே, கோடை முழுதும் மணமக்களைப் படம் பிடித்துப் பொருளீட்டும் ஒருவர், நவம்பர் வந்ததும் அதே தோளில் துப்பாக்கியைச் சுமந்து காடு செல்வது அங்கு வியப்புக்குரிய செய்தியன்று.

நமக்கு அது வியப்பளிக்கிறது. ஒன்று மங்கலத் தொழில்; மற்றொன்று கொலைத் தொழில். இவ்விரண்டும் ஒரே வாழ்வில் எங்ஙனம் பொருந்தும் என்னும் வினா எழுகிறது. இவ்வினாவுக்குப் பலரும் எளிதாக ஒரு விடை கூறிவிடுவர்: 'கேமராவும் துப்பாக்கி போன்றதே, படம் பிடிப்பதும் வேட்டையே.' கேட்பதற்கு இனிய உவமைதான். ஆயினும், இனிமையாக இருப்பதனாலேயே ஓர் உவமையை ஏற்றுக்கொள்ளலாகாது. அதனை உரைகல்லில் உரசிப் பார்த்தல் திறனாய்வாளன் கடமை.

உவமையின் உரைகல்

உரைகல்லை நாம் வேறெங்கும் தேட வேண்டியதில்லை. உவமை தோன்றும் இடங்கள் வினை, பயன், மெய், உரு என நான்கு என்று தொல்காப்பியர் வகுத்துத் தந்துள்ளார். செயலாலும், பயனாலும், வடிவாலும், நிறத்தாலும் ஒரு பொருள் மற்றொன்றை ஒக்கும் என்பது அதன் கருத்து. இவற்றுள் நிறம் பற்றி ஈண்டுப் பேச வேண்டுவதில்லை. ஏனைய மூன்றையும் நோக்குவோம்.

வடிவு பொருந்துகிறது. 1882இல் பிரெஞ்சு அறிஞர் எத்தியேன் ஜூல் மாரே பறவையின் பறத்தலை ஆராய்வதற்காக ஒரு கருவி அமைத்தார். அதற்குத் துப்பாக்கியைப் போன்றே குழலும் கட்டையும் விசையும் இருந்தன. விசையை அழுத்தினால் நொடிக்குப் பன்னிரண்டு படங்கள் பதிந்தன. பறவை மட்டும் வீழவில்லை.

வினையும் பொருந்துகிறது. இலக்கு நோக்கல், மூச்சடக்கல், காத்திருத்தல், விரலால் விசையை அழுத்தல் ஆகிய அனைத்தும் இரு தொழிலுக்கும் பொது. ஆங்கிலத்தில் சுடுதலைக் குறிக்கும் வினைச்சொல்லே படம் எடுத்தலையும் குறிக்கிறது. தமிழில் நாம் 'சுடுதல்' என்று சொல்லவில்லை. எனினும் 'படம் பிடித்தல்' என்கிறோம். மீன் பிடித்தல், முயல் பிடித்தல் என்பனவற்றுள் உள்ள அதே 'பிடித்தல்' இங்கும் வந்து நிற்கிறது. ஓடும் பொருளை ஓடாமல் நிறுத்துவதே அச்சொல்லின் உட்பொருள்.

எஞ்சியது பயன். இங்குத்தான் உவமை இடறுகிறது. வேட்டையின் பயன் இறைச்சியும் தோலும் கொம்பும். அவற்றைப் பெறுவதற்கு மான் இறந்தாக வேண்டும். படத்தின் பயனோ காட்சி. அதனைப் பெற மான் இறக்க வேண்டியதில்லை. சொல்லப்போனால் இறக்கவே கூடாது. வினையால் ஒத்துப் பயனால் மாறுபடும் இவ்வுவமையின் இடுக்கில் ஒரு மனிதரின் வாழ்க்கை அமைந்திருக்கிறது. அவர் ஜார்ஜ் ஷைராஸ்.

துப்பாக்கியை மாற்றியவர்

1859இல் பென்சில்வேனியாவில் பிறந்த ஷைராஸ் வழக்கறிஞர். அமெரிக்க உச்ச நீதிமன்ற நீதிபதி ஒருவரின் மைந்தர். 1903 முதல் 1905 வரை அந்நாட்டுப் பேரவையில் உறுப்பினராகவும் இருந்தவர். இளமை முதலே மிச்சிகனின் ஏரிக்காடுகளில் மான் வேட்டையாடியவர். அங்கு வாழ்ந்த ஒஜிப்வே பழங்குடியினரின் இரவு வேட்டை முறையை அவர் கற்றிருந்தார். ஓடத்தின் முன்புறத்தில் தீ வளர்த்து, ஓசையின்றிக் கரையோரமாகச் செல்வர். நீர் அருந்த வந்த மான் ஒளியைக் கண்டு திகைத்து அசையாமல் நிற்கும். அதன் கண்கள் இருளில் இரு சுடர்களாய் ஒளிரும். அவ்விரு சுடர்களுக்கு இடையே குறி வைப்பது வேடனின் வேலை.

1889இல் ஷைராஸ் கேமராவைக் கையிலெடுத்தார். பின்னர் அதே ஓடத்திலிருந்து, அதே ஏரியில், மக்னீசியத் தூளை வெடிக்கச் செய்து அந்த ஒளியில் இரவு மான்களைப் படம் பிடித்தார். அப்படங்கள் 1900ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் பரிசு பெற்றன. 1906 ஜூலையில் 'நேஷனல் ஜியாகிரஃபிக்' இதழ் அவர்தம் படங்களில் 74ஐ ஒரே இதழில் வெளியிட்டது. துப்பாக்கியை அவர் பெரும்பாலும் கைவிட்டார். வலசைப் பறவைகளைக் காக்கச் சட்டம் வேண்டுமெனப் பேரவையில் முதன்முதல் முன்மொழிந்தவரும் அவரே.

இவ்வாழ்க்கையை நாம் போற்றுகிறோம். போற்றும்போதே ஒன்றனைக் குறிப்பிடாமல் இருக்க இயலவில்லை. 1935இல் இரு தொகுதிகளாக வெளிவந்த தம் நூலுக்கு அவர் இட்ட பெயரிலேயே 'வேட்டை' என்னும் சொல் நிற்கிறது. கருவி மாறிற்று, சொல் மாறவில்லை. அவர்தம் படங்களுள் பெரும்பான்மையானவற்றில் மான் அமைதியாக நிற்கிறது. நீரில் அதன் நிழல் தெளிவாக விழுகிறது. காண்போர் அமைதியைக் காண்கின்றனர். ஆனால், அந்த அமைதி வெடியோசைக்கு ஒரு கணம் முந்தியது. அடுத்த கணத்தில் நிகழ்ந்தது என்ன என்பதையும் அவர் மறைக்கவில்லை. வெடித்த ஒளிக்கு அஞ்சிப் பாயும் மான்களைக் காட்டும் படமும் அவர் தொகுப்பில் உண்டு. என் நோக்கில், அமைதிப் படங்கள் அனைத்தினும் அந்த ஒரு படமே உண்மையால் உயர்ந்தது. படம் பிடித்தவன் அங்கு இருந்தான் என்பதை அது ஒப்புக்கொள்கிறது.

காட்டிலிருந்து மணவறைக்கு

அக்கால மணமக்கள் படக்கூடத்துக்குச் சென்று, வரைந்த திரையின் முன் அசையாமல் நின்று படமெடுத்துக்கொண்டனர். 1930ஆம் ஆண்டையொட்டிப் பளிச்சொளிக் குமிழ்கள் விற்பனைக்கு வந்தபின், புகையும் தீப்பொறியும் இன்றி எங்கும் ஒளி பாய்ச்ச முடிந்தது. படக்கலைஞர் கூடத்தை விட்டு வெளியேறிச் சடங்கு நடக்கும் இடத்துக்கே வந்தார். ஏரிக்கரையில் மானைத் திகைக்கச் செய்த ஒளியின் வழித்தோன்றல் மணவறையில் மணமகளின் முகத்தில் விழுந்தது.

நம் பழைய மணப்படங்களை எடுத்துப் பாருங்கள். தோட்டப்புற வீடுகளின் முன்னறைச் சுவரில் தொங்கிய கறுப்பு வெள்ளைப் படங்களில், மணமகளின் கண்கள் அகல விரிந்திருக்கும், முறுவல் இராது. அதனை நாணம் என்கிறோம். நாணமும் இருந்திருக்கலாம். ஆனால், அறியா மனிதர் ஒருவர் அருகில் நின்று கண்ணெதிரே திடீரென ஒளியைப் பாய்ச்சியதும் ஒரு காரணமன்றோ?

'மான்விழி' என்பது நம் இலக்கியத்தில் பயின்று வரும் உவமை. மருண்ட பார்வைக்காகவே மானை மங்கைக்கு உவமித்தனர் புலவர். பள்ளியில் இவ்வுவமையைக் கற்பிக்கும் நாம், 'கண்ணின் அழகு' என்று பொருள் கூறி மேலே சென்றுவிடுகிறோம். மருட்சி என்பது அச்சத்தின் வெளிப்பாடு என்பதையோ, அஞ்சியது எதனைக் கண்டு என்பதையோ மாணவர் கேட்பதில்லை. நாமும் கேட்கச் செய்வதில்லை. மானின் மருண்ட கண்ணை மிக நன்றாக அறிந்தவன் வேடன். அவ்வுவமையில் அவனும் ஒளிந்து நிற்கிறான்.

அமெரிக்கத் திறனாய்வாளர் சூசன் சொண்டாக் 1977இல் வெளியிட்ட நிழற்படக்கலை பற்றிய நூலில், கேமரா என்பது துப்பாக்கியின் மென்மைப்படுத்தப்பட்ட வடிவம் என்றும், ஒருவரைப் படம் பிடிப்பது அவரை உடைமையாக்கிக்கொள்வது என்றும் வாதிடுகிறார். அக்கருத்தில் உண்மை உண்டு. முழு உண்மை இல்லை. காட்டு மான் எவரையும் அழைப்பதில்லை. மணவீட்டாரோ படக்கலைஞரைத் தாமே அழைக்கின்றனர், வெற்றிலை பாக்கு வைத்து வரவேற்கின்றனர், இலையிட்டு உணவளிக்கின்றனர். படமும் எடுத்தவர் வீட்டில் தங்குவதில்லை. எடுக்கப்பட்டவர் வீட்டுக்கே திரும்பி வருகிறது. தாத்தாவின் முகத்தைப் பேரன் அறிவது அதன்வழிதான். இப்பயனை உடைமையாக்கல் என்று மட்டும் கூறுதல் பொருந்தாது.

வேடனிடம் கற்க வேண்டியது

அங்ஙனமாயின் வேட்டை உவமையை அடியோடு தள்ளிவிடலாமா? அதுவும் கூடாது. மணப்படம் எடுப்போர் வேடனிடமிருந்து கற்க வேண்டியவை சில உள்ளன. தேர்ந்த வேடன் தான் இருப்பதை உணர்த்தமாட்டான், காற்றின் திசையறிந்து அமர்வான், மணிக்கணக்கில் காத்திருப்பான். 'மீண்டும் ஒருமுறை இவ்வழியே வா' என்று மானிடம் அவன் கேட்க முடியாது. ஆகவே, வரும் ஒரு கணத்தை மதிப்பான்.

இன்று நம் மண மண்டபங்களில் நிகழ்வது யாது? கெட்டிமேளம் முழங்கும் வேளையில், கையில் அட்சதையோடு நிற்கும் உறவினர் காண்பது மணமக்களின் முகத்தையன்று, படமெடுப்போரின் முதுகை. மாலை மாற்றியது சரியாகப் பதியவில்லையாம். மீண்டும் மாற்றச் சொல்கின்றனர். முறுவலித்தது போதவில்லையாம், மீண்டும் முறுவலிக்கச் சொல்கின்றனர். சடங்குக்காகப் படம் என்பது போய்ப் படத்துக்காகச் சடங்கு என்றாகிவிட்டது. இங்கு வேட்டையின் பொறுமை இல்லை. வேட்டையின் பிடிவாதம் மட்டும் இருக்கிறது. மான் ஒருமுறையே அகப்படும். மணமகளோ அன்று நாள் முழுதும் அகப்பட்டுக்கொண்டிருக்கிறாள்.

இரு தொழிலையும் ஒரு வாழ்வில் இணைத்துக்கொண்டவர் இதனைப் பிறரினும் நன்கு உணரக்கூடும். காட்டில் தாம் காத்த மௌனத்தை மண்டபத்துக்கும் கொண்டு வருவாராயின், அவர் எடுக்கும் படம் சிறக்கும். காட்டில் கொண்ட வேட்கையையும் உடன் கொண்டு வருவாராயின், அது பழுதுபடும். வினையைக் காட்டிலிருந்து கொள்க. பயனை மணவீட்டிலிருந்து கொள்க. இதுவே அவ்வுவமையைச் சோதித்து நாம் காணும் முடிவு.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. உவமையைக் கண்டவுடன் 'அழகு' என்று கூறி முடித்தல் எளிது. அது எவ்விடத்தில் பொருந்துகிறது, எவ்விடத்தில் இடறுகிறது, அதனுள் எவர் ஒளிந்து நிற்கிறார் என்று வினவுவதே இலக்கியக் கல்வி. 'மான்விழி' என்னும் சொல்லை அடுத்த முறை கரும்பலகையில் எழுதும்போது, அந்த மான் எதனைக் கண்டு அஞ்சியது என்று வகுப்பிடம் கேட்போமாக. விடைகள் பலவாறாக வரும். வரட்டும்.